வைஃபை இணைப்பு நிற்காவிடில் பழுதை எங்கே தேடுவது?

இராசிபுரம், குருசாமிபாளையம், வெண்ணந்தூர் பக்கம் தணிக்கைக்குச் செல்லுங்கால், கணக்கைப் பற்றிய கேள்விகளைவிட, "ஐயா, வைஃபை வருகிறது, போகிறது" என்னும் முறையீடே இப்போது அதிகமாக நம் காதில் விழுகிறது. இது அற்ப விஷயமன்று. சேலையின் படத்தைக் கைப்பேசியில் கண்டு உத்தரவு கொடுக்கும் வெளியூர் வியாபாரி, படம் வரத் தாமதித்தால் அடுத்த தறியை நாடிவிடுவார். மஞ்சள் விலையை வேளையில் அறியாத விவசாயியின் நிலையும் அதுவே.

அங்கத்தினர்களில் பலர் உடனே புது ரூட்டர் வாங்க ஓடுகின்றனர். பெரும்பாலும் இது வீண் செலவென்பதே நமது எண்ணம். ரொக்கம் குறைந்தால், வசூலிலேயே குறைந்ததா, பெட்டிக்கு வந்தபின் குறைந்ததா என்றல்லவோ முதலில் பார்க்கிறோம்? இங்கும் அப்படியே. பழுது வெளியிலிருந்து வரும் லைனிலா, வீட்டுக்குள் காற்றில் செல்லும் அலையிலா என்று முதலில் பிரித்தறிய வேண்டும்.

அதற்கு வழி எளிது. கணினியை ரூட்டருடன் கேபிளால் நேரே இணைத்து ஒரு மணி நேரம் உபயோகித்துப் பார்க்க வேண்டும். அப்போதும் அறுந்தால் பெரும்பாலும் லைனே குற்றம். கண்ணாடியிழை இணைப்பாயின், பெட்டியில் 'லாஸ்' என்ற விளக்கு சிவப்பாய் எரிகிறதா என்று பார்க்கலாம். எரிந்தால் இழை எங்கோ ஒடிந்தோ மடங்கியோ இருக்கிறது; அதைக் கம்பெனி ஆள்தான் சரிசெய்ய வேண்டும்.

கேபிளில் சீராக வந்து காற்றில் மட்டும் தடுமாறினால், வைத்த இடத்தையே சந்தேகிக்க வேண்டும். நம் வீடுகளில் ரூட்டரை பீரோவுக்குப் பின்னாலோ, மூலையில் தரையோரமாகவோ வைத்துவிடுகிறார்கள். (துணி போட்டு மூடி வைப்போரும் உண்டு; சூடேறி நின்றுபோவதற்கு அதுவே போதும்.) இரும்பு அலையைத் திருப்பிவிடும், பருத்த மண்சுவரும் நிறைந்த தண்ணீர்த் தொட்டியும் அதை விழுங்கிவிடும். விசைத்தறிக் கூடத்தில் இரும்புச் சட்டங்கள் வரிசையாக நிற்பதால் தொல்லை இன்னும் அதிகம். ஆகவே வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில், திறந்த அலமாரியில் வைப்பதே உத்தமம்.

அலைவரிசை இரண்டு உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைக் கடந்து தூரம் செல்லும். ஆனால் அண்டை வீட்டார் பெட்டிகளும் அதிலேயே நெருக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. சுவருக்கு அப்பால் தளர்ந்துவிடும். ஒரே அறையில் இருப்போர்க்கு 5 ஏற்றது. 2.4-ஐ உபயோகிப்போர் 1, 6, 11 என்னும் மூன்று சானல்களில் கூட்டம் குறைந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டுக்குப் பின்னால் தறிக்கூடம் தனியே இருந்தால், அலையை நம்பாமல் அங்குவரை கேபிளையே இழுத்து இரண்டாவது பெட்டி வைக்கலாம். 100 மீட்டர் வரை தாங்கும்.

மின்சாரம் விட்டுவிட்டு வரும் நாட்களில் பெட்டி அணைந்து எழச் சில நிமிஷங்கள் ஆகும்; சிறு பாட்டரிப் பெட்டி அக்குறையைத் தீர்க்கும். பெட்டியை அணைத்துப் போடுவதில் தவறில்லை. பின்புறத்து ஊசித் துளையை மட்டும் குத்தலாகாது. அமைப்புகள் யாவும் அழிந்து, ஆள் வரும்வரை இணைப்பே இராது.

லைன் குற்றமென்று தெளிந்தபின், அறுந்த தேதியையும் மணியையும் ஒரு வாரம் குறித்து வந்து, அக்குறிப்புடன் புகார் கொடுக்க வேண்டும். மாலை 7 முதல் 10 மணிக்குள் மட்டும் கேபிளிலும் வேகம் குறைகிறதெனில் அதையும் எழுதவேண்டும். அது கம்பெனி லைனில் ஏற்படும் நெரிசலாகவே இருக்கக்கூடும். புகார் எண்ணைக் கேட்டு வாங்கி, அதே தாளில் பதிந்துகொள்க.