கமத்தொழிலும் பொறுப்புக் காப்புறுதியும்

முன்னுரை

கமஞ் செய்வோர் வெள்ளத்தையும் வறட்சியையும் பூச்சியையும் நோயையும் அஞ்சுவது இயல்பு. அவற்றால் நேரும் நட்டத்தை ஈடுசெய்வதற்கென இலங்கையில் 1958 ஆம் ஆண்டிலே நெற்பயிர்க் காப்புறுதி பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பட்டது. பின்னர் 1961 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கச் சட்டமும், 1973 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டமும், 1999 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கக் கமத்தொழில் கமநலக் காப்புறுதிச் சட்டமும் அதனை விரிவாக்கின. ஆதலாற் பயிர்க் காப்புறுதி எமது கமக்காரருக்குப் புதியதன்று.

கமக்காரருக்கு நேரும் நட்டம் ஒன்று. அவரது தொழிலினாற் பிறருக்கு நேரும் நட்டம் வேறொன்று. இரண்டாவதைப் பயிர்க் காப்புறுதி தாங்குவதில்லை. அதற்கென உள்ளது பொறுப்புக் காப்புறுதி ஆகும்.

எனது இளமையிலே எமது வீட்டில் நிகழ்ந்த ஒன்றை இங்கு கூறுதல் பொருந்தும். தோட்டக் கிணற்றைத் தூர்வாரியபோது சேறு தூக்கிய கயிறு அறுந்து, பாரம் கீழே நின்ற கூலியாளரின் முதுகில் வீழ்ந்தது. அவர் மீண்டும் மண்வெட்டி பிடிக்கவில்லை. வைத்தியச் செலவுக்கும் அவர் குடும்பத்தின் சீவனத்துக்குமாக எனது தந்தையார் நான்கு பரப்புத் தோட்டக் காணியை விற்றார். அப்பணமும் நெடுங்காலம் நிற்கவில்லை. அன்று எமது பெட்டகத்திலே ஒரு காப்புறுதிப் பத்திரம் இருந்தது, அது நெற்பயிருக்குரியது.

எமது பகுதியில் ஆபத்துகள் எவை?

காப்புறுதி முகவரைக் காணுமுன், கமக்காரர் தமது வளவையும் தோட்டத்தையும் வயலையும் ஒருமுறை சுற்றிவந்து, தமது தொழிலினால் யாருக்கு என்ன தீங்கு நேரக்கூடும் என ஒரு தாளிற் குறித்துக்கொள்ளல் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பெரும்பாலும் காணப்படுவன வருமாறு:

1. கிணறு. கட்டில்லாத தோட்டக் கிணறுகள் இன்றும் உள. அயலிலுள்ள பிள்ளைகள் அவற்றில் வீழ்தல் கூடும்.

2. நீரிறைக்கும் இயந்திரமும் மின்கம்பியும். ஈரநிலத்திற் கிடக்கும் பழுதுற்ற கம்பி வேலையாளுக்கும் வழிப்போக்கருக்கும் உயிராபத்தாகும்.

3. மருந்து தெளித்தல். நெல்வயலிற் களைகொல்லியாகப் பயன்படும் எம்.சி.பி.ஏ. போன்ற மருந்துகள் காற்றோடு சென்று அயலவரின் தக்காளியையும் முந்திரிகைக் கொடியையும் கருக்கிவிடும். இலை சுருண்டு கோணலாகுதல் இதன் அறிகுறி.

4. கட்டாக்காலி மாடுகள். இராக்காலத்திலே தெருவிற் படுக்கும் மாட்டில் மோதி மோட்டார்ச் சைக்கிளில் வருவோர் காயமடைதல் உண்டு.

5. இருசில்லு உழவு இயந்திரமும் இழுவைப் பெட்டியும். வயலிலும் தெருவிலும் இவற்றால் விபத்து நேரலாம்.

6. விற்கும் விளைபொருள். மருந்து தெளித்தபின் விடவேண்டிய நாட்களை விடாது பறித்த காய்கறி, உண்பவருக்குத் தீங்கு செய்யும்.

சட்டம் கூறுவது யாது?

பிறர்க்குத் தீங்கு நேராது நடந்துகொள்ளுமாறு எச்சரிக்கை எடுக்கத் தவறியவர், அதனால் நேர்ந்த நட்டத்தை ஈடுசெய்தல் வேண்டும் என்பது பொதுவிதி. நேரிற் காணாதவர்க்கும் இக்கடமை உண்டு. 1932 ஆம் ஆண்டிலே, ஸ்கொட்லாந்தில் ஒரு பெண் அருந்திய இஞ்சிப் பானப் போத்தலில் அழுகிய நத்தை கிடந்தது என்று தொடுக்கப்பட்ட வழக்கில், போத்தலை விலைகொடுத்து வாங்கியவர் அவரல்லர் எனினும், பானத்தைச் செய்தவர் அதனை அருந்துபவர்பாற் கவனமாயிருத்தல் கடமை எனப் பிரித்தானியப் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. மருதனார்மடத்திலோ சுன்னாகத்திலோ சந்தைப்படுத்தும் கமக்காரரும், தமது காய்கறியை இறுதியில் உண்பவர் யாரென அறியார்.

வேலையாட்கள் தொடர்பில் 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் உண்டு. வேலையின்போது வேலை காரணமாக நேரும் காயத்துக்கும் மரணத்துக்கும், தம்மிடம் தவறில்லாவிடினும் வேலை கொடுத்தவர் நட்டஈடு வழங்கவேண்டியவர் ஆகலாம். தொழிலின்பொருட்டு அமர்த்தப்பட்டவர் நாட்கூலி என்ற காரணத்தால் மாத்திரம் இப்பொறுப்பு நீங்கிவிடாது. 2022 ஆம் ஆண்டின் திருத்தத்தினால் உச்ச நட்டஈடு 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது.

1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, தெருவிற் செலுத்தும் மோட்டார் வாகனத்துக்கு மூன்றாந் தரப்பினர் காப்புறுதி கட்டாயமானது. எனினும் வயலினுள் நிகழும் விபத்தையும் அப்பத்திரம் தாங்குமா எனக் கேட்டறிதல் வேண்டும்.

எவ்வகைக் காப்புறுதி?

வேலையாளர் காப்புறுதி: கூலிக்கு அமர்த்தியவருக்கு நேரும் தீங்குக்குரியது. அயலவருக்கு உதவாது.

பொதுமக்கள் பொறுப்புக் காப்புறுதி: அயலவர், வழிப்போக்கர் ஆகியோரின் உடலுக்கும் உடைமைக்கும் நேரும் தீங்குக்குரியது. வேலையாளையும், பெரும்பாலும் கமக்காரரின் சொந்தக் குடும்பத்தினரையும் இது உட்படுத்தாது.

உற்பத்திப் பொருட் பொறுப்புக் காப்புறுதி: விற்ற பொருளால் நேரும் தீங்குக்குரியது.

யாவற்றையும் எல்லோரும் எடுத்தல் வேண்டும் என்பதில்லை. இரண்டு பரப்பிலே குடும்பத்தினர் மாத்திரம் வெங்காயம் செய்து அறுவடையை வியாபாரிக்கு விற்பவர், கிணற்றுக்குக் கட்டுக் கட்டி மாட்டைக் கட்டிவைத்தாலே ஆபத்திற் பெரும்பங்கு நீங்கும். நாற்று நடவும் அரிவு வெட்டவும் கூலியாட்களை அமர்த்துபவர் வேலையாளர் காப்புறுதியை முதலில் நாடுதல் வேண்டும். உழவு இயந்திரத்தைப் பிறர் வயலுக்கு வாடகைக்கு விடுபவருக்கும், கூலிக்கு மருந்து தெளிப்பவருக்கும் பொதுமக்கள் பொறுப்புக் காப்புறுதி அவசியம். மிளகாய்த்தூள், வற்றல், ஊறுகாய் ஆகியவற்றைப் பொதிசெய்து தமது பெயரில் விற்பவர் மூன்றாவதையும் ஆராய்தல் வேண்டும்.

பத்திரத்தைத் தெரிவுசெய்யும் முறை

முதலாவதாக, நிறுவனம் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிற் பதிவுபெற்றதா என அறிக. இரண்டு மூன்று நிறுவனங்களிடம் விலை கேட்டு, கட்டணத்தை மாத்திரம் ஒப்பிடாது, கொடுக்கும் பாதுகாப்பையும் ஒப்பிடுக.

இரண்டாவதாக, பொறுப்பின் எல்லையையும் கழிவுத்தொகையையும் பார்க்க. எல்லை 5 இலட்சம் ரூபா, கழிவு 25,000 ரூபா எனக் கொள்வோம். அயலவரின் நட்டம் 3 இலட்சமாயின், கமக்காரர் 25,000 ரூபாவை ஏற்க, எஞ்சிய 2,75,000 ரூபாவை நிறுவனம் கொடுக்கும். நட்டம் 8 இலட்சமாயின், குறைந்தது 3 இலட்சம் ரூபா கமக்காரரின் தலையிலேயே விழும். அன்றியும், எல்லை ஒவ்வொரு விபத்துக்கும் உரியதா, ஆண்டு முழுவதற்கும் ஒன்றா எனவும் கேட்டல் வேண்டும்.

மூன்றாவதாக, விலக்குகளை வாசிக்க. பத்திரத்தின் பயன் பெரும்பாலும் இப்பகுதியிலேயே தீர்மானிக்கப்படும். சிறிது சிறிதாக நேரும் மாசடைதல் வழக்கமாக விலக்கப்படும். எமது கிணறுகள் சுண்ணக்கற் பாறையினூடு செல்லும் நிலத்தடி நீரையே நம்பியுள்ளன. ஒருவர் கிணற்றடியிற் கழுவிய மருந்துப் போத்தலின் நஞ்சு மற்றொருவரின் குடிநீரை அடைதல் கூடும். அதற்குக் காப்புறுதி கைகொடுக்கும் என நம்பியிருத்தல் தகாது. வேண்டுமென்று செய்த தீங்கும் எப்போதும் விலக்கப்படும். மருந்து தெளித்தலும் மாடு வளர்த்தலும் விலக்குப் பட்டியலில் உள்ளனவா என்பதை முகவரிடம் எழுத்திற் கேட்டுப் பெறுக.

நான்காவதாக, முன்மொழிவுப் படிவத்தில் உண்மையையே எழுதுக. எட்டுப்பேரை அமர்த்துபவர் கட்டணத்தைக் குறைக்க மூன்றுபேர் என எழுதினால், விபத்து நேர்ந்த அன்று பத்திரம் வெறுந் தாளாகிவிடலாம். முகவர் நிரப்பிய படிவமாயினும், வாசித்து விளங்கிய பின்னரே கையொப்பமிடுக.

ஐந்தாவதாக, காலத்தைக் கவனிக்க. காலபோக உழவு தொடங்குமுன் பத்திரம் நடைமுறைக்கு வந்திருத்தல் வேண்டும். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவரையறைக் கட்டளைச்சட்டத்தின்படி, நட்டத்துக்கான வழக்கைப் பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குள் தொடரலாம். இவ்வாண்டு நேர்ந்த தீங்குக்கு அடுத்த ஆண்டு வழக்கு வரின், பழைய பத்திரம் தாங்குமா, வழக்கு வரும் காலத்திலுள்ள பத்திரம் தாங்குமா என்பதை முன்னரே கேட்டறிக. முடிவுற்ற பத்திரங்களையும் பற்றுச்சீட்டுகளையும் எறியாது வைத்திருத்தல் வேண்டும்.

தனியொருவருக்குக் கட்டணம் பாரமாயின், கமக்காரர் அமைப்பின் கூட்டத்திலே இதனைப் பேசி, உறுப்பினர் யாவருக்குமாக ஒரு கூட்டுப் பத்திரம் பெறமுடியுமா என விசாரித்தல் நன்று.

விபத்து நேரின்

காயமடைந்தவரை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுதலே முதற்கடமை. பின்னர் இடத்தின் நிலையையும் கண்டவர்களின் பெயரையும் குறித்து, தாமதியாது நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவிக்க. நிறுவனத்துக்குத் தெரியாமல் இவ்வளவு தருவேன் என உடன்பாடு செய்தல் பெரும்பாலான பத்திரங்களின் நிபந்தனைக்கு மாறானது. கோரிக்கை நியாயமின்றி மறுக்கப்படின் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் முறையிடலாம்.

நினைவிற் கொள்ளவேண்டியவை

கிணற்றுக்குக் கட்டு, கம்பிக்கு உறை, மாட்டுக்குக் கயிறு, மருந்துக்குக் காற்றமைதி: இவை முதற் காப்பு. இவற்றையுங் கடந்து நேரும் தீங்குக்கே காப்புறுதிப் பத்திரம். அது கமக்காரரின் காணியைக் காப்பதோடு, அவரிடம் கூலிக்கு வந்தவரின் குடும்பத்தையும் காக்கும். வரும் காலபோகத்துக்கு விதைநெல் தேடும்போதே, வீட்டிலுள்ள பத்திரம் யாருக்கு நேரும் எத்தீங்குக்கு உரியது என்பதையும் எடுத்து வாசித்துப் பார்ப்பீர்களாக.