கணினிப் பாடம்: 'செல்ஃப்' என்பது யாரைக் குறிக்கிறது?



கல்லூரியில் கணினி படிக்கும் நம் பிள்ளைகளைக் குழப்பும் சொல் ஒன்று பைத்தான் மொழியில் உண்டு: 'செல்ஃப்'. ஜாவாவில் இதே வேலையை 'திஸ்' செய்கிறது. நாம் அறிந்த ஜகாத் கணக்கை வைத்தே இதைப் பார்ப்போம்.

'ஜகாத்' என்று ஒரு கிளாஸ் எழுதுவோம். கிளாஸ் என்பது அச்சு. அதிலிருந்து வார்த்தெடுப்பது ஆப்ஜெக்ட். ஒவ்வொரு ஆப்ஜெக்டை உருவாக்கும்போதும் அதன் அளவைக் கொடுத்துவிடுவோம். கிளாஸில் விகிதம் 2.5 என்று குறித்து, 'கணக்கிடு' என்ற மெத்தடில் இப்படி எழுதுவோம்:

செல்ஃப்.அளவு * செல்ஃப்.விகிதம் / 100

நிஸாபை எட்டி ஓராண்டு நிறைந்த 4 லட்சம் ரூபாய்க்கு 10,000 ரூபாய் என்று விடை வரும்.

விளைச்சலுக்குச் சட்டம் வேறு. மழையால் விளைந்ததற்கு 10 சதவீதம். செலவு செய்து நீர் இறைத்துப் பாய்ச்சியதற்கு 5 சதவீதம். இதற்காக 'கணக்கிடு' மெத்தடை மறுபடி எழுத வேண்டாம். 'மானாவாரி' என்ற கிளாஸை 'ஜகாத்' கிளாஸின் வாரிசாக்கி, விகிதத்தை மட்டும் 10 என்று வைத்தால் போதும். மற்றவை தாய் கிளாஸிலிருந்து தாமாக வந்துவிடும். இதுவே இன்ஹெரிட்டன்ஸ்.

இப்போது கேள்வி. 100 மூட்டை மானாவாரி நெல்லுக்குக் கணக்கிட்டால் எந்த விகிதம் எடுக்கப்படும்? மெத்தட் தாய் கிளாஸில்தானே இருக்கிறது, எனவே 2.5 என்று தோன்றும். ஆனால் சரியான விடை 10. செல்ஃப் என்பது மெத்தட் எழுதப்பட்ட கிளாஸ் அன்று. எந்த ஆப்ஜெக்டுக்காக அழைத்தோமோ, அந்த ஆப்ஜெக்ட். பைத்தான் அந்த ஆப்ஜெக்டிலும் அதன் சொந்த கிளாஸிலும் விகிதத்தைத் தேடும். அங்கே இல்லாவிட்டால்தான் தாய் கிளாஸுக்குப் போகும்.

'செல்ஃப்.விகிதம்' என்பதற்குப் பதில் 'ஜகாத்.விகிதம்' என்று எழுதினால் என்ன ஆகும்? கணினி எந்தப் பிழையும் காட்டாது. 10 மூட்டைக்குப் பதில் இரண்டரை மூட்டை என்று சொல்லிவிடும். மீதி ஏழரை மூட்டை ஏழைகளின் ஹக். அது சத்தமில்லாமல் விடுபட்டுப்போகும்.

ஆகவே புதிய வாரிசு கிளாஸ் எழுதும்போதெல்லாம், விடை தெரிந்த ஒரு கணக்கைக் கொடுத்துச் சோதியுங்கள். இந்த மாதப் பயிற்சி: 'பாசனம்' என்ற வாரிசு கிளாஸை எழுதி, 100 மூட்டைக்கு 5 மூட்டை வருகிறதா என்று பாருங்கள்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் பயனுள்ள கல்வியைத் தருவானாக.