உங்கள் மருத்துவக் குறிப்பின் சாவி யாரிடம்?

கடலூர் முதுநகர்க்காரர்களுக்கு மழையைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2004 சுனாமி, 2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2015 வெள்ளம் என்று அடுத்தடுத்து அடி வாங்கிய மாவட்டம். வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தால் பீரோவின் அடித்தட்டுதான் முதலில் நனையும். அப்பாவின் ஈ.சி.ஜி., அம்மாவின் சர்க்கரை ரிப்போர்ட், குழந்தையின் தடுப்பூசி அட்டை... எல்லாம் ஒரே ராத்திரியில் கூழ்!

பிறகு சிதம்பரத்தில் புது டாக்டரிடம் போய் உட்காருவீர்கள். "என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?" என்பார். "வெள்ளையா, சின்னதா இருக்கும் சார்..." என்று இழுப்பீர்கள்.

"இப்பத்தான் எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கே!" என்கிறீர்களா? நல்லதுதான். ஆனால், அந்த சாஃப்ட்வேரின் சாவி யாரிடம் இருக்கிறது? தயாரித்த கம்பெனி கடையை மூடினாலோ, கட்டணத்தை ஏற்றினாலோ, ஆஸ்பத்திரி வேறு சாஃப்ட்வேருக்கு மாறும். பழைய குறிப்புகள் புதியதில் திறக்காமல் போகலாம். பீரோ பத்திரம், சாவிதான் இல்லை!

இதற்கு ஒரு மாற்று உண்டு. அதுதான் ஓப்பன் சோர்ஸ். சாஃப்ட்வேரின் உள்கட்டமைப்பை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம்.

பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி தயிர் வாங்கி உறை ஊற்றுகிறோம் இல்லையா? அவர்கள் சட்டியில் ஒன்றும் குறையாது. நம் வீட்டில் புதுச் சட்டித் தயிர். சாஃப்ட்வேரிலும் இப்படி நகல் எடுத்துத் தனியாக வளர்ப்பதைக் 'கிளை பிரித்தல்' என்பார்கள்.

கதையல்ல, நடந்ததுதான். டைனி இ.ஆர்.பி. என்ற வியாபாரக் கணக்கு சாஃப்ட்வேரிலிருந்து 2008-இல் சிலர் கிளை பிரித்து டிரைடானை உருவாக்கினார்கள். 2012-இல் பெல்ஜியத்தில் அதற்கென்று ஓர் அறக்கட்டளையும் அமைந்தது.

அதே 2008-இல் லூயிஸ் ஃபால்கன் என்ற மருத்துவர் ஒரு மருத்துவப் பதிவு சாஃப்ட்வேரைத் தொடங்கினார். அர்ஜென்டினா கிராமப் பள்ளிகளில் பிள்ளைகள் படும் பாட்டை நேரில் கண்டவர் அவர். இன்று 'க்னூ ஹெல்த்' என்று பெயர் பெற்றிருக்கும் அந்த சாஃப்ட்வேர் 2011-இல் டிரைடானின் மேல் ஏறிக்கொண்டது.

எப்போதும் பிரிந்துதான் போக வேண்டுமா? இல்லவே இல்லை. கென்யாவின் எல்டோரெட் நகரில் 2006-இல் பயனுக்கு வந்தது ஓப்பன் எம்.ஆர்.எஸ். அதன் மேல் நம் நாட்டிலேயே கட்டியதுதான் 'பாம்னி'. சத்தீஸ்கரில் பிலாஸ்பூர் அருகே கனியாரி கிராமத்து ஜன் ஸ்வஸ்த்ய சஹ்யோக் ஆஸ்பத்திரியின் தேவைக்காகப் பிறந்தது அது. இன்று பல அமைப்புகள் கூட்டாகப் பராமரிக்கின்றன.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். உறை ஊற்றினால் மட்டும் போதாது. சட்டியை யார் கழுவுவது? பிழை திருத்த ஆள், செலவுக்குப் பணம், முடிவெடுக்க விதிமுறை எல்லாம் வேண்டும். இவை இல்லாத கிளை சீக்கிரமே காய்ந்துவிடும். கூட்டாக நிர்வகிப்பது என்பது இதைத்தான். 'தேவைப்பட்டால் பிரிந்து போகலாம்' என்ற உரிமை இருப்பதால்தான், பொறுப்பில் இருப்பவரும் மற்றவர் பேச்சுக்குக் காது கொடுக்கிறார்.

"ஓப்பன் என்றால் என் வியாதி ஊருக்கே தெரியுமா?" இந்தப் பயம் வேண்டாம். திறந்திருப்பது சாஃப்ட்வேரின் செய்முறை. உங்கள் குறிப்பு அல்ல. சாம்பார் செய்முறை பத்திரிகையில் வருகிறது. உங்கள் வீட்டுச் சாம்பார் உங்கள் வீட்டில்தானே இருக்கிறது! ஆனால், கடவுச்சொல்லைக் கண்டவரிடம் கொடுத்தால் எந்த சாஃப்ட்வேரும் காப்பாற்றாது.

நீங்கள் என்ன செய்யலாம்?

* 2002-ஆம் ஆண்டு மருத்துவ கவுன்சில் நடத்தை விதிகளின்படி, உள்நோயாளிக் குறிப்புகளை டாக்டர் 3 வருடம் வைத்திருக்க வேண்டும். நீங்கள் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். எழுத்து மூலம் கேளுங்கள்.

* டிஸ்சார்ஜ் சம்மரி, ரிப்போர்ட்டுகளைப் படம் பிடித்து, வெளியூரில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ ஒரு பிரதி அனுப்பி வையுங்கள்.

* "சாஃப்ட்வேரை மாற்றினால் என் பழைய குறிப்பு கூடவே வருமா?" என்று ஆஸ்பத்திரியில் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

அடுத்த மழைக்கு முன்னால் இன்றைக்கே பீரோவின் அடித்தட்டைத் திறந்து பாருங்களேன்!