தங்கைக்கு ஒரு பள்ளி: யூதப் பெண்கள் பள்ளிகளின் வரலாறு காட்டும் வழி

கல்கத்தா என்று நாம் பழகிவிட்ட கொல்கத்தா மாநகரில், பார்க் தெருவில் ஒரு பெண்கள் பள்ளி இருக்கிறது. யூதப் பெண்கள் பள்ளி என்பது அதன் பெயர். 1881-ஆம் ஆண்டு தோன்றியது. பள்ளியின் சின்னத்தில் யூதர்க்குரிய ஆறுமுனை விண்மீன் விளங்குகிறது. ஆனால், அங்கே இன்று படிக்கும் மாணவியருள் மிகப் பெரும்பாலோர் யார் தெரியுமா? முஸ்லிம் பெண்கள்! யூத மாணவி என்று சொல்ல ஒருத்தியும் இல்லாமற் போய்ப் பல்லாண்டுகள் ஆகின்றன.

திருப்பதியில் அமர்ந்துகொண்டு கல்கத்தாப் பள்ளியின் கதையை ஏன் எழுதவேண்டும் என்று நண்பர்கள் கேட்பீர்கள். காரணம் உண்டு. என் தங்கை ஐந்தாம் வகுப்பை முடித்துவிட்டாள். ஆறாம் வகுப்பிற்கு அவளை எந்தப் பள்ளியிற் சேர்ப்பது என்பது இப்போது சித்தூரில் எங்கள் வீட்டு வழக்கு. எங்கள் பூர்வீகம் குடியாத்தம். மாம்பழக் கூழ் ஆலை ஒன்றில் கணக்கு வேலை கிடைத்துத் தந்தையார் சித்தூருக்கு வந்தார். நாங்கள் அவரோடு வந்தோம். கிறிஸ்தவர் நடத்தும் பெண்கள் பள்ளியே சிறந்தது, அங்கேதான் ஆங்கிலமும் ஒழுங்கும் என்பது தந்தையார் கட்சி. திருப்பதியில் தேவஸ்தானம் நடத்தும் பெண்கள் பள்ளியிற் சேர்த்து, அக்காளும் தங்கையும் ஓரூரில் இருக்கட்டும் என்பது அம்மா கட்சி. இரண்டும் சமயத்தார் பள்ளிகள். சமயத்தார் நடத்தும் பள்ளியைப் பெண்ணுக்காகத் தேர்ந்தெடுப்பது எப்படி என்ற வினாவை உலகில் மிகக் கடுமையாக ஆராய்ந்தவர்கள் யூதர்கள். ஆகவே அவர்கள் கதையைப் படிக்கத் தொடங்கினேன். படித்ததிற் பயனுள்ளதை இங்கே தருகிறேன்.

கல்கத்தா யூதர்கள் பாக்தாது, அலெப்போ முதலிய நகரங்களிலிருந்து வாணிகம் செய்ய வந்தவர்கள். ஷாலோம் கோஹன் என்பவர் 1798-இல் அங்கே குடியேறியதிலிருந்து அவர்கள் வரலாறு தொடங்குகிறது. செல்வம் சேர்ந்தது, தொழுகைக் கூடங்கள் எழுந்தன. பிள்ளைகளைப் படிக்கவைக்க வேண்டும் என்ற எண்ணமும் எழுந்தது. அந்நாளிற் பெண்களுக்கு நல்ல ஆங்கிலக் கல்வி தந்தவை கிறிஸ்தவ மிஷன் பள்ளிகளே. அங்கே அனுப்பினால் பெண் படிப்பாள். ஆனால் மதம் மாறிவிட்டால்? இந்த அச்சந்தான் யூதப் பெண்கள் பள்ளிக்கு அடிக்கல். மிஷன் பள்ளி தரும் கல்வி வேண்டும், அதன் சமயம் வேண்டா என்பதே அவர்கள் கண்ட வழி.

இதே வினாவுக்கு ஐரோப்பாவில் வேறொரு வடிவம். வைதிக யூதக் குடும்பங்களில் ஆண் பிள்ளைகள் மறைநூற் பள்ளிக்குச் செல்வார்கள். பெண்ணுக்கு மறைக்கல்வி தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள். ஆனால் அரசின் கட்டாயக் கல்விச் சட்டம் பெண்களைப் போலந்து மொழிப் பள்ளிக்கு அனுப்பிற்று. விளைவு வேடிக்கையானது. அண்ணன் மறைநூல் கற்றான். தங்கை வரலாறும் இலக்கியமும் கற்றாள். மறையைக் காக்க ஆணைப் பூட்டிவைத்தவர்கள் பெண்ணுக்குச் சன்னலைத் திறந்துவைத்துவிட்டார்கள்! படித்த பெண்கள் பலருக்கு வீட்டுச் சமயம் கசந்தது. 1917-இல் கிராக்கோ நகரில் சாரா ஷெனிரெர் என்ற தையற்காரப் பெண்மணி, பெண்களுக்கென்றே ஒரு சமயப் பள்ளியைத் தொடங்கினார். 'பைஸ் யாக்கோவ்', யாக்கோபின் வீடு என்பது அதன் பெயர். 1935-இல் அவர் மறைவதற்குள் அப்பெயர் தாங்கிய பள்ளிகள் நூற்றுக்கணக்கில் பெருகிவிட்டன. இட்லரின் கொடுமை அவற்றை அழித்தது. ஆயினும் அமெரிக்காவிலும் இசுரேலிலும் அவை மீண்டும் தழைத்தன.

பெண்ணை வீட்டிற் பூட்டிவைக்க எழுந்தவை அல்ல இப்பள்ளிகள் என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். சமயம் படித்தவள் வேலைக்கும் செல்லலாம், ஆசிரியை ஆகலாம் என்ற வழியை அவை திறந்தன. நம் திருமலைத் தருமகிரி வேதபாடசாலையை எண்ணிப் பாருங்கள். அங்கே ஆண் பிள்ளைகளுக்கே இடம். பெண்ணுக்குச் சமயக் கல்வி என்ற பேச்சு எச்சமயத்திலும் பின்னாளில்தான் வருகிறது.

பம்பாயிலும் யூதர் உண்டு. பெனே இசுரேல் என்பார்கள். கொங்கணக் கரையில் நெடுங்காலம் வாழ்ந்து மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். ஹயீம் சாமுவேல் கெஹிம்கர் என்பவர் 1875-இல் அவர்களுக்காக ஒரு பள்ளி தொடங்கினார். பின்னாளில் அது எல்லி கதூரி பள்ளி எனப் பெயர் பெற்றது. அதற்கு 1922 முதல் 1950 வரை தலைமையாசிரியையாக இருந்தவர் இரெபேக்கா இரூபன் அம்மையார். இவர் 1905-இல் பம்பாய்ப் பல்கலைக் கழக மெட்ரிகுலேஷன் தேர்வில் ஆண்களையும் விஞ்சி முதலிடம் பெற்றவர். அந்நாளில் அது சிறு செய்தியன்று.

இனி நம் பக்கம் வருவோம். சமயத்தார் பள்ளியிற் பிற சமயத்துப் பிள்ளை படித்தால் என்ன ஆகும்? திருப்பதியிலேயே சான்று இருக்கிறது. திருத்தணியிற் பிறந்த சர்வபள்ளி இராதாகிருட்டிணன் 1896 முதல் 1900 வரை படித்தது இவ்வூரில் ஹெர்மன்ஸ்பர்க் லுத்தரன் மிஷன் பள்ளியில். ஏழுமலையான் கோயில் அடிவாரத்தில் செர்மானியக் கிறிஸ்தவர் பள்ளி. அதிற் படித்த இந்துச் சிறுவன்! இந்து சமயத்தைக் கிறிஸ்தவர் குறைகூறக் கேட்டதுதான் அதை ஆழ்ந்து கற்கத் தூண்டியது என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். சித்தூரிலும் அப்படித்தான். 1853-இல் அமைந்த ஆர்க்காடு மிஷன் வேலூர், ஆரணி, சித்தூர்ப் பகுதிகளிற் பள்ளிகள் நடத்தியது. பெண் பிள்ளைகளையும் படிக்கவைத்தது. ஊரார் பெண்ணைப் படிக்கவைக்கத் தயங்கிய காலத்தில் நடந்தது அது. அதை மறந்து பேசுவது நன்றியன்று.

சட்டம் என்ன சொல்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பெற்றோர் பலருக்கு இது தெரியாது, படித்தவர்களுக்கே தெரியாது. நம் அரசியலமைப்பின் 28-ஆம் பிரிவு, அரசின் ஏற்போ உதவியோ பெற்ற பள்ளியில் எந்தப் பிள்ளையையும் சமய போதனையில் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. சிறுவராயின் பெற்றோர் இசைவு வேண்டும். அதாவது, தந்தையார் கட்சி வென்றாலும் தங்கை விவிலிய வகுப்பில் அமர வேண்டியதில்லை. அம்மா கட்சி வென்று, படிப்பவள் வேறு சமயத்தவளாயிருந்தாலும் இதே உரிமை உண்டு. 30-ஆம் பிரிவு, சமயச் சிறுபான்மையினரும் மொழிச் சிறுபான்மையினரும் தத்தம் பள்ளிகளை நிறுவி நடத்தலாம் என்கிறது. மொழி என்ற சொல்லை மறவாதீர்கள். பின்னர் அதற்கு வருகிறேன்.

பெற்றோர் பள்ளியைத் தேர்வது ஒருபுறம். பள்ளி பிள்ளையைத் தேர்வது மறுபுறம். இலண்டனில் புகழ்பெற்ற யூதப் பள்ளியொன்று, தாய் யூதராகாமல் மதம் மாறி வந்தவர், அம்மாற்றமும் தாங்கள் ஏற்ற முறையில் நடக்கவில்லை என்று கூறி ஒரு மாணவனுக்கு இடம் மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2009 டிசம்பரில், பிறப்பு வழியைக் கொண்டு பிள்ளையை விலக்குவது இனப் பாகுபாடே என்று நீதிபதிகள் பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தனர். நம் நாட்டிலோ, உதவி பெறும் சிறுபான்மைப் பள்ளி தன்னவர்க்கு முன்னுரிமை தரலாம். பிறர்க்கு முற்றிலும் கதவடைக்க இயலாது.

நான் இரசாயனம் படிப்பவள். ஆகவே என் கண் முதலிற் செல்வது அறிவியல் வகுப்பின் மீது. இலண்டன் ஸ்டாம்போர்டு ஹில்லில் யெசோதே ஹதோரா என்ற யூதப் பெண்கள் மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. 2013-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்வில், பரிணாமம் பற்றிய வினாக்களை மாணவியர் காணாதபடி பள்ளியே வினாத்தாளில் மறைத்துவிட்டது! உயிர்கள் தோன்றிய வரலாறு தம் மறைக்கு முரண் என்பது பள்ளியின் எண்ணம். அடுத்த ஆண்டு, தேர்வுகளை மேற்பார்க்கும் அரசு அமைப்பு தலையிட்டு, இவ்வாறு செய்தல் ஆகாது என்றது. மறைத்தவர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அந்த மாணவிகளுக்கு வரவேண்டிய மதிப்பெண்ணும் போயிற்று. அறியவேண்டிய அறிவும் போயிற்று. நாமும் நகைக்க வேண்டா. 2023-இல் நம் தேசியப் பாடநூல் நிறுவனமும் பத்தாம் வகுப்பு நூலிலிருந்து பரிணாமப் பகுதியை நீக்கிவிட்டது. மெண்டலீவின் தனிம அட்டவணை அதிகாரமும் அந்நூலிலிருந்து போயிற்று. எங்களுக்கு அது அகர வரிசை!

மறைப்பதற்குச் சமயந்தான் வேண்டும் என்பதில்லை. நான் படித்த பெண்கள் பள்ளியில் இனப்பெருக்கப் பாடம் வந்தபோது, "இதை வீட்டிற் படித்துக்கொள்ளுங்கள்" என்று ஆசிரியை பக்கத்தைப் புரட்டிவிட்டார். வேறு சமயத்தார் பள்ளியிற் படித்த என் விடுதித் தோழியும் இதையே சொல்கிறாள். ஆகையால், பள்ளியைப் பார்க்கப் போகும் பெற்றோர் வழிபாட்டுக் கூடத்தை மட்டும் பார்த்துத் திரும்பலாகாது. ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சாவி யாரிடம் என்று பியூனும் ஆசிரியரும் ஒருவரையொருவர் பார்த்தால் செய்தி புரிந்துவிடும். சென்ற ஆண்டு பத்தாம் வகுப்பு முடித்தவர்களில் எத்தனை பெண்கள் இன்டர்மீடியட்டில் கணிதமோ உயிரியலோ எடுத்தார்கள் என்று கேளுங்கள். பெண்கள் பள்ளி என்றால் கணிதத்தை எளிதாக்கித் தரும் பள்ளி என்று பொருளாகிவிடக் கூடாது. தங்கைக்குக் கணக்கென்றால் உயிர். அவளை எங்கே அனுப்புகிறோம் என்பது அவள் என்ன ஆவாள் என்பதில் பாதியைத் தீர்மானித்துவிடும்.

பெண்கள் மட்டும் படிக்கும் பள்ளி வேண்டுமா என்பதைப் பற்றி நீள எழுதப்போவதில்லை. பல வீடுகளில் பெண்ணை ஆறாம் வகுப்பிற்கு மேல் அனுப்புவதற்கே அது நிபந்தனை. கல்கத்தாவில் முஸ்லிம் பெற்றோரை யூதப் பள்ளிக்கு இழுத்துவந்ததும் பெண்கள் மட்டும், ஆங்கிலக் கல்வி என்ற இரண்டுமே. பள்ளி எம்மதத்தார் பெயரில் இருக்கிறது என்பதை அவர்கள் பொருட்படுத்தவில்லை. 1947-க்குப் பின் யூதர்கள் இசுரேலுக்கும் இங்கிலாந்துக்கும் ஆத்திரேலியாவுக்கும் கப்பலேறினர், வகுப்புகள் காலியாயின, அண்டை அயலார் பெண்கள் வந்து நிரப்பினர். மதமாற்றம் அஞ்சிக் கட்டிய பள்ளி, தன் மாணவியரை மதம் மாற்ற எண்ணாமலே நடக்கிறது. படித்தபோது எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான்.

பிடிக்காத செய்தியும் ஒன்றுண்டு. பாக்தாதிலிருந்து வந்த அந்த யூதர்களின் வீட்டு மொழி, எபிரேய எழுத்தில் எழுதப்பட்ட ஒருவகை அரபு. பாட்டிமார் அதைப் பேசினர். பேத்திமார் ஆங்கிலமே பேசினர். இரண்டு மூன்று தலைமுறைக்குள் அம்மொழி கல்கத்தாவில் அடங்கிவிட்டது. சமயத்தைக் காக்க அவர்கள் பள்ளி கட்டினார்கள், சமயம் நின்றது. மொழிக்குக் காவல் வைக்கவில்லை, மொழி போயிற்று. ஆங்கிலம் ஏற்றத்தின் அடையாளமாக இருந்தபடியால் அதற்காக அழுதவரும் குறைவு போலும்.

சித்தூர்த் தமிழர்க்கு இது பிறர் கதையன்று. 1911-இல் வட ஆர்க்காட்டுத் தாலுகாக்களையும் கடப்பைத் தாலுகாக்களையும் சேர்த்து உண்டாக்கிய மாவட்டம் சித்தூர். எல்லைப் பேச்சின் முடிவில் 1960 ஏப்ரலில் திருத்தணி சென்னை மாநிலத்திற்குப் போயிற்று; சித்தூர் ஆந்திரத்தில் நின்றது. இங்கே தமிழ் பேசுவோர் இன்றும் பலர். ஆந்திர அரசின் பத்தாம் வகுப்புத் தேர்வில் தமிழை முதல் மொழியாக எழுத இடமிருக்கிறது. 2002-இல் டி. எம். ஏ. பை வழக்கில் உச்ச நீதிமன்றம், சிறுபான்மை யார் என்பதை மாநிலத்தை அலகாகக் கொண்டே காணவேண்டும் என்றது. அத்தீர்ப்பின்படி ஆந்திரத்தில் தமிழர் மொழிச் சிறுபான்மையினர். 30-ஆம் பிரிவின் உரிமை நமக்கும் உண்டு. ஆயினும் தந்தையார் சொல்லும் பள்ளியிலும் தமிழ் வகுப்பு இல்லை. அம்மா சொல்லும் பள்ளியிலும் இல்லை. கர்த்தர் துணையா, கோவிந்தன் துணையா என்று இருவரும் வாதிடும்போது, 'குடியாத்தம்' என்ற சொல்லை எழுத்துக்கூட்டி வாசிக்கும் தங்கையை இருவரும் நோக்குவதில்லை. அவளுக்குத் தெலுங்கு சரளம், ஆங்கிலம் வருகிறது. குடியாத்தத்துப் பாட்டியார் எழுதும் கடிதத்தை இன்னொருவர் படித்துக்காட்ட வேண்டியிருக்கிறது.

என் கட்சி மூன்றாவது. ஆய்வகம் உள்ள பள்ளி, தமிழாசிரியர் உள்ள பள்ளி; நடத்துகிறவர் எச்சமயத்தவராயினும் சரி. இரண்டும் ஒருசேரக் கிடைக்கவில்லையென்றால் ஆய்வகத்தைத்தான் முதலிற் கேட்பேன். தமிழை வீட்டிலும் கற்பிக்கலாம். பியூரெட்டை வீட்டில் வைக்க முடியாது. அப்படிச் சொன்னவுடன், "வீட்டில் யார் கற்பிப்பது?" என்று அம்மா கேட்டார். நான் விடுதியில், தந்தையார் ஆலையில், மாம்பழக் காலத்தில் அவர் இரவில்தான் வருவார். அம்மாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியும். எழுதிப் பழக்கம் விட்டுப்போயிற்று. இப்போது அம்மாவும் தங்கையும் ஒரே நோட்டில் எழுதுகிறார்கள்.

நகரி, குப்பம், பலமனேர், சித்தூர்ப் பகுதிகளில் தமிழை முதல் மொழியாகப் படித்துவந்த மாணவர் நம் மன்றத்திற் சிலர் இருக்கிறீர்கள். உங்கள் பள்ளியில் இன்று தமிழாசிரியர் இருக்கிறாரா, பெண்களுக்கு அறிவியல் ஆய்வகம் திறந்திருக்கிறதா என்ற இரண்டையும் எழுதித் தந்தால் நன்றியுடையேன். பெண்கள் விடுதியில் என்னிடம் நேரிலும் சொல்லலாம். விண்ணப்பம் கொடுக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.