அணைப்பதற்கு முன்

கணினியில் அன்னியர் எவரோ புகுந்துவிட்டார் என்ற சந்தேகம் எழுந்த மாத்திரத்தில், பதற்றமடைந்த அலுவலகத்தார் செய்கிற முதற்காரியம் அதன் மின்சாரத்தைத் துண்டிப்பதுதான். கணினித் தடயங்களை ஆராய்வதையே ஜீவனோபாயமாகக் கொண்ட எனக்கோ, புகுந்தவனுக்கு இதைவிட அனுகூலமான உபகாரம் இருப்பதாகத் தோன்றவில்லை. நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வைக்கலாம், அணைக்கலாகாது. 2003 ஜனவரியில் உலகெங்கும் பரவிய ஸ்லாமர் என்னும் புழு, 376 பைட் அளவே உடையதாய், வட்டில் ஒரு கோப்பையும் எழுதாமல் ரேமிலேயே வாசம் செய்தது. இயந்திரத்தை நிறுத்தித் தொடங்கினால் அது இருந்த சுவடே இராது. ஓடும் நிரல்கள், திறந்திருக்கும் தொடர்புகள், வட்டைப் பூட்டிய மறைகுறியீட்டுச் சாவி ஆகிய யாவும் அந்த ரேமில்தான் குடியிருக்கின்றன.

ஆதலால் முதலில் ரேமின் பிரதியை எடுத்துவிட வேண்டும். விண்டோஸுக்கு வின்பிமெம் இருக்கிறது. லினக்ஸுக்கு லைம் இருக்கிறது. லைம் கெர்னலுக்குள் ஏறும் மாட்யூல் ஆகையால், ஓடுகிற கெர்னலின் பதிப்புக்கு இம்மியும் பிசகாமல் கம்பைல் செய்யப்பட்டிருக்க வேண்டும். அந்த வேலையைச் சந்தேகத்துக்குரிய இயந்திரத்திலேயே செய்யப் புகுந்தால், நாம் தேடிவந்த தடயங்களின் மீதே நம் கைவேலை படிந்துவிடுமாதலால், நிர்வாகத்திலுள்ள சர்வர்களின் கெர்னல் பதிப்புகளைக் குறித்துக்கொண்டு, சமாதான காலத்திலேயே மாட்யூல்களைத் தயார் செய்து வைப்பதை நான் வழக்கமாகக் கொண்டிருக்கிறேன். மைக்ரோசாஃப்ட் ரஸ்ட் மொழியில் எழுதி வெளியிட்ட ஏவிஎம்எல்லுக்கு அந்தச் சிரமம் இல்லை. ஆயினும் கெர்னலின் லாக்டவுன் காவல் அமலில் இருந்தால் அது வாசலிலேயே நின்றுவிடக்கூடும். இன்னொரு அற்ப விஷயம்: பிரதியை ஏந்தப்போகும் பென் டிரைவ் எஃப்ஏடி32 அமைப்பில் இருந்தால், 4 ஜிபியை எட்டும் கோப்பை அது ஏற்காது, 32 ஜிபி ரேம் உடைய சர்வரின் முன்னால் நின்றுகொண்டு இதைக் கண்டறிவது துக்ககரமானது.

எடுத்த பிரதியை வாசிக்க நான் பெரிதும் நம்புவது, 2007இல் முதலில் வெளியான வோலட்டிலிட்டியை. மூன்றாம் பதிப்பு, விண்டோஸுக்கு வேண்டிய குறியீட்டு அட்டவணையைத் தானே இணையத்திலிருந்து தருவித்துக்கொள்கிறது. தடய ஆய்வகக் கணினிக்கோ பெரும்பாலும் இணையமே இராது. ஆகவே அட்டவணைகளை முன்னதாகவே சேகரித்து வைத்தல் உத்தமம்.

புதியவர்கள் வோலட்டிலிட்டியில் ஒரு கட்டளையின் விடையைக் கண்டதும் திருப்தியடைந்துவிடுகிறார்கள். என் அபிப்பிராயத்தில், ஒரே கேள்வியை இரண்டு விதமாகக் கேட்டு, விடைகள் எங்கே முரண்படுகின்றன என்று பார்ப்பதிலேதான் இக்கலையின் சூட்சுமம் அடங்கியிருக்கிறது. விண்டோஸ் தன்னிடம் ஓடும் புரோசஸ்களை ஒரு சங்கிலியாகக் கோத்து வைத்திருக்கிறது. பிஎஸ்லிஸ்ட் என்ற கட்டளை அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டே கணுக்கணுவாக நடந்து செல்கிறது. தன்னை ஒளித்துக்கொள்ளும் தீநிரலான ரூட்கிட், தன் கணுவை அதிலிருந்து கழற்றிவிட்டு, முன்னும் பின்னும் உள்ள கணுக்களை ஒன்றோடொன்று இணைத்துவிட்டால், பிஎஸ்லிஸ்ட் அதை அறியாமலே கடந்துபோகும். பிஎஸ்ஸ்கேன் என்ற கட்டளையோ சங்கிலியை மதிப்பதில்லை. பிரதி முழுவதையும் துழாவி, புரோசஸின் லட்சணம் தென்படும் இடங்களையெல்லாம் எழுதிக் கொடுக்கிறது. பின்னதில் காணப்பட்டு முன்னதில் காணப்படாத பெயரே விசாரணைக்கு உரியது. எனினும், ஆயுள் முடிந்து இன்னும் துடைக்கப்படாத புரோசஸ்களும் அப்பட்டியலில் தலைகாட்டுமாகையால், முடிவுற்ற நேரம் பதிவாகியிருக்கிறதா என்று பாராமல் எவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றக்கூடாது.

வோலட்டிலிட்டியின் இன்னொரு கட்டளையான மால்ஃபைண்டின் சாட்சியத்தை இன்னும் ஜாக்கிரதையாகக் கேட்க வேண்டும். எழுதவும் இயக்கவும் ஒருங்கே அனுமதி பெற்ற ரேம் பகுதிகளை அது சுட்டிக்காட்டுகிறது. டாட்நெட் நிரல்களும் சில ஆன்டிவைரஸ்களும் யோக்கியமான காரணத்துக்காகவே அப்படிப்பட்ட பகுதிகளை வைத்திருப்பதுண்டு. அவசரமாக ஒரு நோட்டம் விட வேண்டுமானால் மெம்பிராக்எஃப்எஸ் என்ற கருவி சிலாக்கியமானது. ரேம் பிரதியைச் சாதாரண ஃபோல்டர்களாக விரித்துக் காட்டிவிடும். கூகுளில் வளர்ந்த ரேக்கால் என்ற கருவியோ இப்போது பராமரிப்பாரற்றுக் கிடக்கிறது. புதிதாகக் கற்பவர் அதில் காலம் செலவிட வேண்டாம்.

பிரதி கையில் வந்ததும் அதன் எஸ்ஹெச்ஏ256 ஹாஷைக் கணக்கிட்டு, நேரத்துடனும் இட்ட கட்டளையுடனும் எழுதி வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுக்குரிய சான்றிதழில் ஹாஷ் மதிப்பைக் குறிப்பிட வேண்டியிருக்கிறது. வட்டை மறுபடி பிரதியெடுத்து அதே ஹாஷ் வருவதைக் காட்டுவது போல ரேமில் காட்ட முடியாது. க்ஷணந்தோறும் அது மாறிக்கொண்டிருப்பதால், எடுத்த பின் கோப்பு மாற்றப்படவில்லை என்பதை மட்டுமே ஹாஷ் நிரூபிக்கும். எதிர்த்தரப்பு வக்கீல் இதைக் கேட்பதற்கு முன், நீங்களே அறிக்கையில் சொல்லிவிடுவது நலம். கருவி அந்த முடிவுக்கு எப்படி வந்தது என்று அவர் அடுத்து வினவினால், இங்கே சொன்ன கருவிகளின் மூலநிரல் யாவரும் காணத் திறந்திருப்பதால், அதற்குரிய பக்கத்தையே எடுத்து அவர் முன் வைக்கலாம். விலை கொடுத்து வாங்கிய மூடிய மென்பொருளில் அந்தச் சௌகரியம் கிடையாது.