துறைமுகத்தின் குரல்: வடசென்னையும் கானாப் பாடலும்

நுழையும்முன்

ஒரு நிலத்தின் வரலாறு கல்வெட்டுகளிலும் ஏடுகளிலும் மட்டும் பதிவாவதில்லை. அந்நிலத்தில் உழைப்போர் பாடும் பாடல்களிலும் தங்கியிருக்கிறது. துறைமுகமும் இருப்புப்பாதையும் ஆலைகளும் நிறைந்த வடசென்னையில் உருவான கானாப் பாடல், சமூகத்தைக் காட்டும் கண்ணாடியாகவும் அதனை மாற்ற முனையும் குரலாகவும் விளங்குவதை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

நெய்தல் நிலமும் தொழில் நகரமும்

கடற்கரை நகரங்களுக்கும் இசைக்குமான உறவு தொன்மையானது. காவிரிப்பூம்பட்டினத்துக் கடற்கரையில் கோவலனும் மாதவியும் யாழிசைத்துப் பாடிய கானல்வரி, சிலப்பதிகாரத்தின் கதைப்போக்கையே திருப்பியது. பல மொழி பேசுவோர் கலந்து வாழ்ந்த துறைமுக நகரமாகப் புகாரை அக்காப்பியம் காட்டுகிறது. அத்தகைய கலப்பு, பிற்காலத்தில் வடசென்னையிலும் நிகழ்ந்தது.

தென்னிந்தியாவின் முதல் பயணியர் தொடர்வண்டி 1856ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகமும் பெரம்பூர்ப் பகுதியில் பஞ்சாலைகளும் எழுந்தன. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. விடுதலைக்குப் பின் திருவொற்றியூர், எண்ணூர், மணலி ஆகிய ஊர்களில் வண்டி, உருளிப்பட்டை, உரம், மின்சாரம் எனப் பல தொழில்கள் பெருகின.

மூட்டை சுமக்கவும் கப்பலில் சரக்கு இறக்கவும் ஆலைகளில் பணிபுரியவும் சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலிருந்து மக்கள் குடியேறினர். அவர்களுள் நிலமற்ற ஒடுக்கப்பட்ட மக்கள் மிகுதி. ஊரில் பாடிய ஒப்பாரி, நடவுப்பாட்டு, தெருக்கூத்துப் பாட்டு ஆகியவற்றையும் உடன் கொண்டுவந்தனர். கரையில் மீனவர்களின் அம்பாப் பாடல் ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருந்தது. தெலுங்கும் உருதும் பேசுவோர் அண்டை வீட்டாராயினர். சென்னைப் பேச்சுத்தமிழில் வழங்கும் ‘நாஸ்டா’, ‘பேஜார்’, ‘துட்டு’ போன்ற சொற்கள் இக்கலப்பின் சான்றுகள். முதலிரண்டும் உருது வழி வந்தவை. மூன்றாவது டச்சு நாணயத்தின் பெயரிலிருந்து வந்தது என்பர்.

கானாவின் இயல்பு

‘கானா’ என்னும் சொல், பாட்டு என்று பொருள்படும் இந்திச் சொல்லிலிருந்து வந்தது என்பது பொதுவான கருத்து. கானல்வரியின் ‘கானல்’ கடற்கரைச் சோலையைக் குறிக்கும் தமிழ்ச்சொல். இரண்டிற்கும் ஒலி ஒப்புமையன்றிப் பொருள் உறவில்லை.

கானா எழுதிவைத்துப் பாடப்படுவதன்று. பெரும்பாலும் பாடும்போதே புனையப்படுவது. இயைபுத் தொடையே அதன் முதுகெலும்பு. அடிதோறும் இறுதிச் சீர் ஒன்றிவந்தால்தான் கேட்போர் கைதட்டுவர். டோலக்கு, பறை ஆகியன இருந்தால் நன்று; இல்லையெனில் மேசையும் தகரப்பெட்டியும் தீப்பெட்டியுமே தாளக்கருவிகளாகும். கருவி வாங்கப் பொருளில்லாத இடத்திலும் இசை நிற்பதில்லை என்பதற்கு இதுவே சான்று.

வாழ்வின் நிலையாமை கானாவில் அடிக்கடி பேசப்படும். பட்டினத்தார் அடங்கிய தலம் எனப் போற்றப்படுவது திருவொற்றியூர். சூஃபி ஞானி குணங்குடி மஸ்தான் சாகிபு தம் இறுதிக் காலத்தில் வாழ்ந்து அடங்கியதும் வடசென்னையிலேயே. சித்தர் மரபும் சூஃபி மரபும் தழைத்த மண்ணில், நிலையாமையைப் பாடும் எளிய மக்கள் பாடல் தோன்றியது இயல்பே.

இரங்கலும் இசையும்

கானாவின் தலையாய களம் சாவு வீடு. இறந்தவரின் உடல் கிடத்தப்பட்டிருக்கும் இரவிலும் கருமாதி நாளிலும் பாடகர்கள் அழைக்கப்படுகின்றனர். பந்தலில் அமர்ந்து விடியும்வரை பாடுகின்றனர். இறந்தவரின் பெயர், தொழில், அவர் விரும்பிய உணவு, நண்பர்கள், பிள்ளைகளை வளர்க்கப் பட்ட பாடு ஆகிய யாவும் பாட்டாகின்றன.

தலைவனை இழந்த துயரைப் புலவர் பாடுவதைக் ‘கையறுநிலை’ எனப் புறத்திணை இலக்கணம் வகைப்படுத்தும். பாரி மறைந்தபோது கபிலரும், அதியமான் மறைந்தபோது ஔவையாரும் பாடினர். ஒரு வீட்டில் சாப்பறையாகிய நெய்தல் ஒலிக்க, மற்றொரு வீட்டில் மணமுழவு முழங்கும் உலகியலைப் புறநானூற்றில் பக்குடுக்கை நன்கணியார் பாடியுள்ளார். சங்கப்பாடல் மன்னரையும் வள்ளலையும் நினைவில் நிறுத்தியது. கானா, துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரையும் மிதிவண்டி இழுத்தவரையும் நினைவில் நிறுத்துகிறது. எந்த நூலிலும் பெயர் இடம்பெறாத ஒருவருக்கு அந்த ஓரிரவில் காப்பியம் கிடைத்துவிடுகிறது.

தலைமுறைதோறும் மாறிய ஊடகம்

வெகுமக்கள் பாடல் நிகழ்கால வரலாற்றைப் பதிவுசெய்வது சென்னைக்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும், புயல், தொடர்வண்டி விபத்து, கொலை வழக்கு ஆகிய செய்திகளைப் பாட்டாக அச்சிட்ட மலிவு விலைச் சிறுநூல்கள் குஜிலிக் கடைத்தெருவில் விற்கப்பட்டன. செய்தித்தாள் வாங்க இயலாதோரும் அவற்றைப் பாடக் கேட்டுச் செய்தியறிந்தனர்.

பின்னர் ஒலிநாடாக்கள் கானாவைத் தெருவெல்லைக்கு அப்பால் கொண்டுசென்றன. 1990களில் இசையமைப்பாளர் தேவா அதனைத் திரையிசையில் பரவலாக்கினார். 2006இல் வெளிவந்த ‘சித்திரம் பேசுதடி’ திரைப்படத்தில் கானா உலகநாதன் மீன்களின் திருமணத்தைப் பாடிய பாடல் தமிழகமெங்கும் ஒலித்தது. 2012இல் வெளிவந்த ‘அட்டகத்தி’ வழியாகக் கானா பாலாவின் குரல் பரவலாக அறியப்பட்டது. இன்று திறன்பேசியில் பதிவுசெய்து இணையத்தில் ஏற்றும் இளைஞருக்கு ஒலிநாடா நிறுவனமும் தேவையில்லை.

இம்மாற்றத்தில் பேறும் உண்டு, இழப்பும் உண்டு. பாடகருக்குப் புகழும் வருவாயும் கிடைத்தன. ஆனால் திரைப்பாடலுக்குரிய சில நிமிடங்களுக்குள் அடங்கியபோது, விடிய விடியப் புனையும் ஆற்றலுக்கு இடம் குறைந்தது. இரங்கலே உயிராக இருந்த கலை, கேலிக்கும் ஆட்டத்துக்கும் மட்டுமே உரியது என்ற எண்ணமும் பரவியது.

பாடல் எழுப்பும் வினாக்கள்

சமூகத்தைக் காட்டும் கண்ணாடி அதன் குறைகளையும் காட்டும். பெண்களை இழிவுபடுத்தும் வரிகளும் வன்முறையையும் போதையையும் வீரமாகக் காட்டும் வரிகளும் கானாவில் உண்டு. அவற்றைக் கண்டிப்பது தேவையே. எனினும், அதே குறைகளையுடைய திரைப்பாடலை ஏற்றுக் கொண்டாடும் சமூகம், கானாவை மட்டும் ‘ரவுடிப் பாட்டு’ என ஒதுக்குவது நடுநிலையாகாது. அங்குப் பழிக்கப்படுவது பாடலா, பாடுவோர் பிறந்த இடமா என்பது ஆராயத்தக்கது.

இவ்வினாவுக்குக் கலைஞர்களே விடையளிக்கத் தொடங்கியுள்ளனர். 2017இல் இயக்குநர் பா. இரஞ்சித்தின் முயற்சியில், இசைக்கலைஞர் தென்மாவின் ஒருங்கிணைப்பில், ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் இசைக்குழு உருவானது. ‘சாதியற்ற தமிழர்’ என்னும் அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையே இப்பெயருக்கு அடிப்படை. 2018 சனவரியில் சென்னையில் நிகழ்ந்த முதல் அரங்கேற்றத்தில் கானாவும் ராப்பும் ராக்கும் இணைந்து ஒலித்தன. அக்குழுவில் பாடிய, இராயபுரத்தைச் சேர்ந்த இசைவாணி, ஆண்களுக்கே உரியதெனக் கருதப்பட்ட கானாவில் பெண்குரலை நிலைநிறுத்தினார். 2020ஆம் ஆண்டு பி.பி.சி. வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது.

எண்ணூர்க் கழிமுகம்

கொசத்தலையாறு கடலோடு கலக்கும் எண்ணூர்க் கழிமுகம் மீனும் இறாலும் நிறைந்த நீர்நிலை. அனல்மின் நிலையங்களின் சாம்பற்கழிவாலும் ஆக்கிரமிப்புகளாலும் அது சுருங்கி, மீனவர் வாழ்வு நலிந்தது. 2017 சனவரியில் வெளியான ‘சென்னைப் பொறம்போக்குப் பாடல்’ இதனைப் பொருளாக்கியது. கபேர் வாசுகி எழுத, ஆர்.கே. ஸ்ரீராம்குமார் இசையமைக்க, டி.எம். கிருஷ்ணா எண்ணூரிலேயே நின்று பாடினார். கருநாடக இசையின் இராகமாலிகையில் சென்னைப் பேச்சுத்தமிழ் ஒலித்தது. வசைச்சொல்லாகிவிட்ட ‘பொறம்போக்கு’ என்பதற்கு, அனைவர்க்கும் பொதுவான நிலம் என்னும் பழைய பொருளை அப்பாடல் மீட்டெடுத்தது. சென்ற நூற்றாண்டுகளில் தியாகராசர், வீணை குப்பையர் ஆகியோரின் இசை ஒலித்த திருவொற்றியூருக்கு அருகிலேயே இப்புதிய சந்திப்பு நிகழ்ந்தது குறிப்பிடத்தக்கது.

தெரிந்து தெளிவோம்

துறைமுகங்களில் பிறந்த இசை
• டாங்கோ – அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸ், உருகுவேயின் மான்டிவிடியோ நகரங்களில் குடியேறிகளிடையே தோன்றியது. 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.
• ஃபாடோ – போர்ச்சுகலின் லிஸ்பன் நகர எளிய மக்களின் ஏக்கப் பாடல், 2011இல் சேர்ந்தது.
• ரெபெட்டிகோ – கிரேக்கத்தின் பிரேயஸ் முதலிய துறைமுகங்களில் வளர்ந்தது, 2017இல் சேர்ந்தது.
தொடக்கத்தில் இவை இழிவாகக் கருதப்பட்டன. இன்று அந்நாடுகளின் பெருமைக்குரிய அடையாளங்களாகத் திகழ்கின்றன.

நிறைவாக

ஓரிசையின் தகுதியை அதன் பிறப்பிடம் முடிவு செய்வதில்லை. அது எவர் வாழ்வைச் சுமக்கிறது என்பதே முடிவு செய்கிறது. கப்பலும் ஆலையும் எத்தனை டன் சரக்கைக் கையாண்டன என்பதைக் கணக்கேடுகள் சொல்லும். அச்சரக்கைச் சுமந்த தோள்களின் வலியைப் பாடல்களே சொல்லும். அவற்றைக் கேட்பதும் தொகுப்பதும் குறைகளைக் களைந்து வளர்ப்பதும் அடுத்த தலைமுறையின் கடமையாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் தொழில் செய்யும்போதோ இறப்பு நிகழ்விலோ பாடப்படும் பாடல்களை, மூத்தோரிடம் கேட்டுத் தொகுத்து வகுப்பறையில் படித்துக்காட்டுக.
2. ‘திரைப்படம் நாட்டார் இசையை வளர்க்கிறதா, சுருக்குகிறதா?’ – சொற்போர் நிகழ்த்துக.

குறுவினா: கையறுநிலை – விளக்குக.
சிறுவினா: சென்னைப் பேச்சுத்தமிழில் பிறமொழிக் கலப்பு நிகழ்ந்ததற்கான காரணங்களை எழுதுக.
நெடுவினா: கானாப் பாடல் சமூகத்தைக் காட்டும் கண்ணாடி என்பதைச் சான்றுகளுடன் நிறுவுக.