மெல்லெண்ணெயும் எரிபொருட் சிக்கனமும்

எரிபொருளின் அருமையை யாழ்ப்பாணத்தார்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1990இல் போர் மீண்டும் மூண்டபின், பெற்றோலும் டீசலும் குடாநாட்டிற்கு வராது தடுக்கப்பட்டன. அக்காலத்தே நம்மவர் பழைய மொரிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிஜ் வண்டிகளைச் சில துளி பெற்றோலால் இயக்கித் தொடங்கி, மண்ணெண்ணெயில் ஓட்டினர். 2022இல் நாடெங்கும் எரிபொருள் அரிதானபோது, காரொன்றிற்கு வாரத்திற்கு 20 லீற்றர் என முதலிற் பங்கிடப்பட்டது. இவ்விரு காலத்தும் எழுந்த வினா ஒன்றே: உள்ள எரிபொருளைக்கொண்டு இன்னுஞ் சிறிது தூரம் செல்வது எங்ஙனம்? எஞ்சின் எண்ணெய் இதற்கு அளிக்கும் விடையை ஈண்டு ஆராய்வோம்.

திரவத்தின் படைகள் ஒன்றன்மேலொன்று வழுக்குங்கால் எழுந் தடையே பிசுக்குமை எனப்படும். தேன் மெல்ல ஒழுகுவதும் நீர் விரைந்தோடுவதும் இதனாலாம். எஞ்சினின் சுழல்தண்டு தாங்கியைத் தொடாது எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதந்து சுழல்கின்றது. இதன் கணிதத்தை ஒஸ்போர்ண் றெனால்ட்சு 1886இல் வகுத்தார். எண்ணெய் தடித்ததாயின் உலோகங்கள் ஒன்றையொன்று தொடா. ஆயின் அதனூடே சுழல்வதற்கே ஆற்றலில் ஒரு பகுதி வீணாகும். மெல்லியதாயின் அவ்வீண் குறையும்; அளவிறந்து மெலியின் படலம் அறுந்து உலோகத்தோடு உலோகம் உராயும்.

0W-20 என்னுங் குறியில் முன்னெண் குளிர்நிலையையும், பின்னெண் சூடேறிய நிலையையும் சுட்டும். 100 பாகை செல்சியசில் 20ஆந் தரத்தின் பிசுக்குமை 6.9 முதல் 9.3 சென்ரிஸ்ரோக்கு வரையாகும். 50ஆந் தரத்தினது 16.3 முதல் 21.9 வரையாகும். பனி பொழியாத நம் நாட்டிற்கு முன்னெண் வேண்டாவென எண்ணற்க. 30 பாகைக் காலையிலும் எண்ணெய் சூடேறிய நிலையினும் பன்மடங்கு தடித்தே நிற்கும். திருநெல்வேலியினின்று பெரியகடைக்குச் செல்வது போன்ற குறும்பயணங்களில், எண்ணெய் நன்கு சூடேறுமுன்னரே பயணம் முடிந்துவிடும்.

இதனால் வரும் மிச்சம் யாது? பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு. சிறிதெனத் தோன்றினும், வாரம் 20 லீற்றர் வீதம் ஓராண்டிற்கு 1,040 லீற்றர் செலவாயின், நூற்றுக்கு இரண்டு என்பது ஏறத்தாழ 21 லீற்றர். அஃதாவது முழுமையாக ஒரு வாரப் பங்கு.

எனினும் மெலிந்த எண்ணெயெல்லாம் நல்லெண்ணெயன்று. மண்ணெண்ணெய்க் காலத்தில், எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைக் கடந்து எஞ்சின் எண்ணெயிற் கலந்து அதனை மெலிவித்தது. அதன் விளைவு சிக்கனமன்று, தேய்வே. இன்றைய ஹைபிரிட் கார்கள் 0W-20 போன்ற எண்ணெய்க்கெனவே நுண்ணிய இடைவெளிகளுடன் ஆக்கப்பட்டவை. தேய்ந்த பழைய மொரிஸ் எஞ்சினுக்கு அது பொருந்தாது. மோட்டார் சைக்கிளிலோ பெரும்பாலும் அதே எண்ணெய் கிளச்சையும் நனைப்பதால், காருக்குரிய உராய்வு குறைக்கும் எண்ணெயை ஊற்றின் கிளச்சு வழுக்கக்கூடும். ஆதலின் வண்டியின் கைந்நூல் விதிக்குந் தரமே தக்கது. அது பல தரங்களை அனுமதிப்பின், அவற்றுள் மெல்லியதைத் தெரிக.

உயர்தர வகுப்பு மாணவர், ஒரே அளவான இரு கண்ணாடிக் குழாய்களில் இருவகை எண்ணெயை நிரப்பி, சிறு உருக்குக் குண்டுகளை விட்டு, வீழும் நேரங்களை ஒப்பிடுவாராக. ஸ்ரோக்சின் விதி ஏட்டினின்று இறங்கி, வீட்டு வண்டிக்குள் வேலை செய்வதை அவர் கண்கூடாகக் காண்பர்.